என் மகளின் நான்கு நிமிடங்கள்

எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழாக் குழுவினருக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அனுப்பிய பதிலைப் படித்தேன். 'நான் வாழும் ஊர்' என்ற பேச்சுக்கு என் மகள் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள நம் மில்வாக்கி நகரின் முன்னாள் மேயர் ஃபிராங்க் சைட்லரைத் தேர்ந்தெடுத்திருந்தாள். "சோசலிஸ்ட் ஆயிற்றே, அரசியல் ஆகிவிடும், வேறு ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். அவளைப் பேச விடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

அவர் சோசலிஸ்ட் என்று தெரிந்தேதான் இந்த ஊர் 1948, 1952, 1956 என மூன்று முறை அவரைத் தேர்ந்தெடுத்தது. அதே விஸ்கான்சினிலிருந்து போன செனட்டர் மெக்கார்த்தி, கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டவர்களையெல்லாம் வேட்டையாடிய காலம் அது. சைட்லரின் பன்னிரண்டு ஆண்டுகளில் நகரின் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கானது.

ஆனால் என் மகள் மனதில் தங்கியது 1956 தேர்தல்தான். போரிலிருந்து திரும்பியவர்களுக்கும் ஏழைகளுக்கும் அரசுச் செலவில் வீடு கட்ட வேண்டும் என்பதில் சைட்லர் பிடிவாதமாக இருந்தார். தெற்கிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பின மக்கள் அப்போது நெரிசலான ஒரு பகுதிக்குள் ஒடுங்கிக் கிடந்தார்கள். உடனே ஒரு வதந்தி கிளம்பியது: மேயர் தென் மாநிலங்களில் விளம்பரப் பலகை வைத்துக் கறுப்பர்களை இங்கே அழைக்கிறாராம். அப்படி ஒரு பலகையை அவர் எங்கும் வைக்கவில்லை. அந்தப் பிரசாரத்தை மில்வாக்கியின் அவமானம் என்றே டைம் இதழ் எழுதியது. அவர் பின்வாங்கவில்லை, ஜெயிக்கவும் செய்தார். ஆனால் 1960இல் மறுபடி நிற்கவில்லை.

இதைப் படித்துக் காட்டியபோது அவள் கேட்டாள்: "வெளியூர்லேர்ந்து வந்தவங்களுக்கு வீடு கேட்டதுக்கா அவரைத் திட்டினாங்க?" வெளியூரிலிருந்து வந்து இங்கே வீடு தேடிய நமக்கும் சேர்த்துத்தான் அந்தக் கேள்வி. இதில் மேடை ஏறக்கூடாதது எது என்று எனக்குப் புரியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் குழந்தைகளுக்கு அதே ஐந்தாறு தலைப்புகள், பெற்றோர் எழுதி மனப்பாடம் செய்ய வைத்த அதே வரிகள். சிறப்பு விருந்தினர்கள் நேரக் கணக்கில்லாமல் பேசுகிறார்கள், குழந்தை நான்கு நிமிடம் தாண்டினால் மணி அடிக்கிறோம். தானாகப் படித்து, தானாகத் தமிழில் எழுதிய ஒரு பிள்ளையைத்தான் இப்போது வேண்டாம் என்கிறீர்கள். இது எனக்கு வலிக்கிறது.

சரி, கோபத்தை விடுகிறேன். நீங்கள் எல்லோரும் சம்பளமில்லாமல் வார இறுதியைக் கொடுத்து உழைப்பவர்கள், அதை மறக்கவில்லை. அவள் எழுதியதை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒரு முறை படித்துப் பாருங்கள். ஏதாவது ஒரு வரி தவறான தகவல் என்றால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம். ஆளை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள். சனிக்கிழமை ஒத்திகைக்கு அவளை அழைத்து வருகிறேன். தயவுசெய்து அவளைப் பேச விடுங்கள்.

அன்புடன்,
மூன்றாம் நிலை மாணவி ஒருத்தியின் அப்பா