நீடாமங்கலம் கேட்டும் உன் சமன்பாடுகளும்

அன்புள்ள செழியனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உன் ஆய்வேட்டின் அத்தியாயம் திருத்தத்துக்குத் திரும்பி வந்துவிட்டதென்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். அதன் பிறகு நீயாக அழைக்கவில்லை. அதைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை. சாலை நெரிசலைப் பற்றி நீ எழுதி வைத்துவிட்டுப் போன தாள்களைப் படித்தேன், அவற்றைப் பற்றியே எழுதுகிறேன்.

1955இல் லைட்ஹில், விதாம் என்ற இரு கணித அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வின் முதல் பகுதி நீண்ட ஆறுகளில் வெள்ளம் நகர்வதைப் பற்றியது, இரண்டாம் பகுதியே நெரிசலான சாலைகளைப் பற்றியது என்பதை ஆறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பில் மதகு ஷட்டர்களோடு வேலை பார்த்த அப்பாவிடம் நீ முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஆற்றில் வெள்ள அலை தண்ணீரைவிட வேகமாகக் கீழே இறங்கும் என்பது எனக்குத் தெரியும். சாலையில் நெருக்கம் மாறும் அலை வண்டிகளைவிட மெதுவாகவே செல்லும், நெருக்கம் ஓர் அளவைத் தாண்டினால் பின்னோக்கியே நகரும் என்பதை உன் தாள்களில்தான் கற்றேன். பிறகு நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்று பார்த்தேன். கேட் திறந்ததும் முன்னால் நிற்கும் லாரி தஞ்சாவூரை நோக்கிப் புறப்படுகிறது. அந்தப் புறப்பாடோ ஒவ்வொரு வண்டியாகத் திருவாரூர்ப் பக்கம் பின்னால் நகர்ந்து, நெடுநேரம் கழித்தே கடைசிப் பேருந்தை எட்டுகிறது. என் மகன் இதற்குக் கணக்கு எழுதுகிறான் என்று அத்தையிடம் சொன்னேன்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் அந்தப் புறவழிச்சாலையில் வண்டி ஓட்டாதே.

மூன்றாம் அத்தியாயத்தில் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. யோகோஹாமா நகரின் தரவுகளைக் கொண்டு ஜெரோலிமினிஸ், டகான்சோ என்ற ஆய்வாளர்கள் 2008இல் காட்டியபடி, ஒரு நகரப் பகுதிக்குள் வண்டிகள் கூடக்கூட ஓட்டமும் கூடி, ஓர் உச்சத்துக்குப் பின் சரிகிறது. ஆகவே, உச்சத்தைத் தாண்டாதபடி விளிம்பிலுள்ள சிக்னல்களிலேயே வண்டிகளை நிறுத்திவைக்க வேண்டும் என்கிறாய். கல்லணையில் மிகுதி வெள்ளத்தைக் கொள்ளிடத்தில் திருப்பிவிடுகிறோம். உன் நகரத்துக்குக் கொள்ளிடம் எது? நிறுத்தப்பட்டவர்கள் ஏதோ ஒரு சாலையில்தானே நிற்பார்கள்? முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் தலைப்பில் எங்கள் கணக்கு சரியாக இருக்கும்போதே கடைமடையில் நாற்று காய்ந்திருக்கும். மேலும், தண்ணீர் தானாக வழியைத் தேர்ந்தெடுப்பதில்லை, ஓட்டுநர் தேர்ந்தெடுக்கிறார். சில வலைப்பின்னல்களில் புதிய சாலை ஒன்றைத் திறந்தாலே எல்லோருக்கும் பயண நேரம் கூடிவிடும் என்று பிரேஸ் என்ற கணித அறிஞர் 1968இல் நிறுவியதை நீயே குறித்திருக்கிறாய். தடுக்கப்பட்டவர்கள் பள்ளிக்கூடத் தெருவுக்குள் நுழைந்தால் அந்தத் தெருவை நீ உருவாக்கிய கணித மாதிரி கணக்கில் கொள்கிறதா? அத்தியாயம் திரும்பி வந்ததற்கு இதுவே காரணமாக இருந்தால், வேலை வீணாகவில்லை தம்பி. விளிம்பில் நிற்கும் வரிசையையும் சேர்த்து எழுதினால் அது இன்னும் உறுதியாகும்.

உதவித்தொகை எந்த மாதத்தோடு முடிகிறது என்று நான் கேட்கவில்லை. உன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன். ஏன் என்று அம்மாவிடம் கேட்காதே, அவளுக்குத் தெரியாது. அந்த வரிசையை எப்படிச் சேர்த்தாய் என்று எனக்கு விளக்கமாக எழுது. எழுத நேரமில்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை போன் செய். இரவில் வண்டியை எடுக்காதே.

அன்புடன்,
அப்பா