அந்த ஆய்வகத்துத் தங்கைக்கு

தருமபுரிப் பக்கம் எங்கள் ஊர். பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படியவே, பள்ளி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தோம். அளவு மீறினால் பல்லில் கறை படியச் செய்யும் ஃபுளோரைடு என்ற உப்பு, குடிதண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இருந்ததோ அதைப் போல இரு மடங்கு. கிணறு போட்ட ஒப்பந்ததாரருக்காக எண்ணைக் குறைத்து எழுதச் சொல்லி மேலாளர் உங்களை நெருக்கியது பிறகுதான் தெரிந்தது. "அளந்ததைத்தான் எழுதுவேன்" என்று நின்றுவிட்டீர்கள். வேலை போய்விடுமோ என்ற பயம் உங்களுக்கும் இருந்திருக்கும்.

யாரும் கேட்காமலே விடுமுறை நாளில் இரண்டு பஸ் மாறி வந்து, மறுபடி தண்ணீர் எடுத்துப் போனீர்கள். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, அடர்த்தி கூடத்தான் செய்யும் என்று சத்துணவு அக்காவிடம் பொறுமையாக விளக்கினீர்களே, அது எங்களில் எவருக்குமே தெரியாது!

தங்கையே, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டோம். அந்தக் குழாயை அடைத்தாயிற்று. பிள்ளைகள் இப்போது குடிப்பது ஒகேனக்கல் தண்ணீர்.