10-இன் 26-ஆம் அடுக்கு

அன்புள்ள கயல்,

செயற்கை நுண்ணறிவு வளரும் வேகத்தைக் குறைக்கச் சட்டம் போட்டால் யார் கேட்கப் போகிறார்கள் என்று கேட்டிருந்தாய். கேட்க வைக்கலாம், ஓர் அளவு வரை. அது எந்த அளவு என்று கணக்குப் போட்டுப் பார்.

2023 அக்டோபரில் பைடன் பிறப்பித்த ஆணை, பயிற்சி கொடுக்க 10-இன் 26-ஆம் அடுக்குக்கு (ஒன்றுக்குப் பின் 26 பூஜ்யம்) மேல் கணக்கீடு செலவாகும் செயற்கை நுண்ணறிவு மாடல்களை அரசுக்குத் தெரிவிக்கச் சொன்னது. (டிரம்ப் பதவியேற்ற அன்றே ரத்தாகிவிட்டது.) இந்தப் பயிற்சிக்கென்றே என்விடியா நிறுவனம் விற்கும் ஓர் எச்100 சிப் நொடிக்கு ஏறக்குறைய 10-இன் 15-ஆம் அடுக்குக் கணக்கீடு செய்யும். நடைமுறையில் அதில் 40 சதவீதம் கிடைத்தாலே நல்லது. அந்த வரம்பைத் தொடும் பயிற்சியை 90 நாளில் முடிக்க ஏறத்தாழ 32,000 சிப் வேண்டும். ஒன்றுக்கு 700 வாட் என்றால் சிப்புகளுக்கே 22 மெகாவாட், குளிரூட்டல் தனி. இதை அரசுக்குத் தெரியாமல் செய்வது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். மின் இணைப்பே காட்டிக்கொடுத்துவிடும். இந்த சிப்புகளை அச்சிடத் தேவையான இயூவி (அதிதீவிரப் புற ஊதா ஒளி) இயந்திரத்தைச் செய்து விற்பதும் உலகத்தில் நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனம் ஒன்றுதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் போட்ட கோடு 10-இன் 25-ஆம் அடுக்கு. அங்கே 3,200 சிப் போதும்; சாதாரண டேட்டா சென்டருக்குள் கலந்துவிடும். சீன நிறுவனமான டீப்சீக்கின் வி3 மாடல் அந்தக் கோட்டையும் தொடவில்லை. ஒரு நேரத்தில் இயங்கும் அளவுருக்கள் (மாடலுக்குள் இருக்கும் எண்கள்) 3,700 கோடி, பயிற்சிக்குக் கொடுத்த டோக்கன்கள் (சொல் துண்டுகள்) 14.8 லட்சம் கோடி, இரண்டையும் பெருக்கி, வழக்கமான தோராயக் கணக்குப்படி ஆறால் பெருக்கு: 3.3 × 10-இன் 24-ஆம் அடுக்குதான் வரும். எச்100-இன் குறைத்த வடிவமான எச்800 சிப் 2,048-இல் முடித்தார்கள்.

அந்த எச்800 பிறந்ததே விதியின் ஓட்டையில். 2022-இல் அமெரிக்கா, கணக்கீட்டு வேகம், சிப்புகளுக்கு இடையிலான இணைப்பு வேகம் இரண்டும் வரம்பைத் தாண்டினால்தான் சீனாவுக்கு விற்கத் தடை என்று எழுதியது. என்விடியா இணைப்பு வேகத்தைக் குறைத்து விற்றது. விதியைத் திருத்த ஓராண்டு ஆனது.

பயிற்சி முடிந்து, யாரும் இறக்கிக்கொள்ளும்படி மாடலை வெளியிட்டுவிட்டால் சட்டத்துக்குப் பெரிய வேலை இல்லை. வி3 முழுவதும் ஒரு டெராபைட் வட்டில் அடங்கும். வெளியிட்டதைத் திரும்பப் பெற வழியில்லை. சோதனை நடக்க வேண்டியது அதற்கு முன்னால்: சிப்பின் வரிசை எண், கைமாறிய பதிவு, சொல்லாமல் போய்ப் பார்க்கும் ஆய்வாளர்.

உன் ஆய்வுக்குறிப்பில் வரம்பு எண்ணை இறுக்கிக் கட்டாதே. ஐரோப்பியச் சட்டம் செய்தது போல, அதை நடைமுறைப்படுத்தும் ஆணையமே எண்ணை மாற்றிக்கொள்ள இடம் விடு. நான் போட்ட கணக்கையும் ஒருமுறை சரிபார்த்துவிடு. இத்தனை பூஜ்யத்தில் ஒன்று விட்டுப்போனாலும் தெரியாது.

அன்புடன்,
அம்மா