டேங்கர் இழுத்த டிராக்டரை உழவுக்கு வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியருக்கு,

வணக்கம். பெங்களூருவின் சர்ஜாபுரம், ஒயிட்ஃபீல்டு, வர்த்தூர் பக்கம் தண்ணீர் டேங்கர் இழுத்துத் தேய்ந்த டிராக்டர்களுக்குப் புது பெயிண்ட் அடித்து, 'தோட்டத்தில் மட்டும் ஓடிய வண்டி' என்று சொல்லி ஓசூர், கிருஷ்ணகிரி விவசாயிகளின் தலையில் கட்டுகிறார்கள். 2024 கோடையில் பெங்களூரு தண்ணீருக்குத் தவித்தபோது ஓயாமல் ஓடிய வண்டிகளும் இவற்றில் உண்டு. டேங்கர் இழுத்தது குற்றமில்லை. அதை மறைத்து உழவு வண்டி விலை கேட்பதுதான் அநியாயம்.

5,000 லிட்டர் தண்ணீர் என்றாலே 5 டன். தொட்டியின் எடை தனி. நெரிசலில் நின்று நின்று கிளம்புவதால் கிளட்ச் பிளேட் தேயும். டிரெய்லரில் பிரேக் இல்லாவிட்டால் அத்தனை பாரத்தையும் டிராக்டர் பிரேக்கே தாங்க வேண்டும். தார்ச்சாலையில் ஓடிய பின் டயரில் பட்டன் (மண்ணைப் பிடிக்கும் மேடுகள்) நடுவில் மழுங்கியிருக்கும். டிரெய்லரை மாட்டும் டிராபாரின் ஓட்டை வட்டம் போய் நீண்டிருக்கும். எஞ்சின் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மீட்டரை மாற்றிவிடலாம் என்பதால் அதை மட்டும் நம்பாதீர்கள். 1,500 மணி காட்டும் வண்டியில் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் கணக்கு உதைக்கிறது.

கிளட்சைச் சோதிப்பது எளிது. எதிரே ஆள் இல்லாத இடத்தில், மேல் கியர் போட்டு, இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து, கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் திணறி அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் கிளட்ச் வழுக்குகிறது. பிளேட் மாற்றுவதற்கு வண்டியை எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இரண்டாகப் பிரிக்க வேண்டும். பிரித்த பிறகு பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் என்ற மற்ற கிளட்ச் பாகங்களையும் பார்க்காமல் மூட முடியாது. அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். பிரேக்குக்கு, இரண்டு பெடலையும் இணைக்கும் கொக்கியை எடுத்துவிட்டு, மெதுவாக ஓட்டியபடி இடது, வலது என்று தனித்தனியாக மிதித்து, இரண்டும் ஒரேபோல் பிடிக்கிறதா பாருங்கள்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் பார்க்க வேண்டும். நீங்கள் போகும்போதே வண்டி சூடாக இருந்தால், ஸ்டார்ட் ஆகாத குறையை மறைக்கிறார்களோ என்று சந்தேகப்படலாம். இன்னொரு நாள் காலையில் போங்கள். ஸ்டார்ட் செய்யுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து எண்ணெய் மிதக்கிறதா பாருங்கள். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவுங்கள்: ஆயில் பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் இறங்குகிறது, அளவு கூடி டீசல் வாடை அடித்தால் ஆயிலில் டீசல் கசிகிறது. நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். பாரம் ஏறும்போது கொஞ்சம் கரும்புகை வரும், அதற்குப் பயப்பட வேண்டாம். விடாமல் கக்கினால் ஏர் ஃபில்டர், டீசலைத் தெளிக்கும் நாசில், டீசல் பம்ப் மூன்றையும் பாருங்கள். எஞ்சின் சூடான பின், அதன் உட்காற்றை வெளியே விடும் பிரீதர் குழாயருகே கை வையுங்கள். புகை குப்குப்பென்று அடித்தால் பிஸ்டன் ரிங், சிலிண்டர் லைனர் தேய்ந்துவிட்டது.

டேங்கர் வண்டியில் கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட் பல மாதம் அசையாமலே கிடந்திருக்கும், எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல்கள் காய்ந்துபோயிருக்கும். ஆகவே கலப்பை மாட்டாமல் லிஃப்டின் கையை மட்டும் தூக்கிக் காட்டினால் போதாது. ஒன்பது கொழு கலப்பையை மாட்டி, அரை மணி நேரமாவது உழுது, எண்ணெய் சூடேறிய பிறகு தூக்கிப் பாருங்கள். தூக்கியபடியே நிற்காமல் விக்கல்போல் இறங்கி ஏறினால் உள்ளே கசிவு. உழும்போதே ஒவ்வொரு கியரும் தானாக நழுவுகிறதா என்பதும் தெரிந்துவிடும். உழுது பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள்.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டினால் பேரிங், சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் புஷ் ஆகியவற்றின் தேய்மானம் கையிலேயே தெரியும்.

சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். கர்நாடகப் பதிவு வண்டியைத் தமிழ்நாட்டுக்கு மாற்றப் படிவம் 28 வழியாகத் தடையின்மைச் சான்று வேண்டும். வண்டி மேல் கடன் இருந்தால், அது தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35-ம் வங்கிக் கடிதமும் தேவை. இவற்றைக் கண்ணால் பார்க்காமல் முழுப் பணமும் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
டிராக்டர் மெக்கானிக்குகள் சிலர்,
கலாசிபாளையம், பெங்களூரு