எப்போது பதிவானது, யார் வாசித்தது: இசை நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். பழைய ஜாஸ், ராக் ஆல்பங்களின் உரிமையை வைத்திருந்து அவற்றை மறுவெளியீடு செய்யும் இசைத்தட்டு நிறுவனங்களுக்கும், அவற்றைச் செயலிகள் வழியே எங்கள் வீடுவரை கொண்டுவந்து சேர்க்கும் ஸ்ட்ரீமிங் நிறுவனங்களுக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன். தனித்தனியே எழுதிப் பார்த்துவிட்டேன், பயனில்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, நண்பர் வீட்டு மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, இந்திய இசையையும் ஜாஸையும் இணைத்து வாசித்த சக்தி குழுவின் முதல் ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். கடம் கற்கும் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தியும் வந்திருந்தாள். தாளம் போட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தவள், "சார், இதில் கடம் வாசிப்பது விக்கு சார்தானா?" என்று கேட்டாள். செயலியின் திரையில் குழுவின் பெயரும் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினின் பெயரும் மட்டுமே இருந்தன. வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு என்று அழைக்கப்படும் டி. எச். விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாட் ராகவன் என்று நான் சொன்னேன். 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் கேட்பவர்கள் முன்னிலையில் வாசித்தது, தட்டாக வெளிவந்தது 1976இல் என்றும் சொன்னேன். அந்தப் பெண் சற்று யோசித்துவிட்டு, "நீங்கள் இங்கே இல்லாவிட்டால் எனக்கு இது தெரியவே தெரியாதா, சார்?" என்றாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

அந்தத் தட்டின் பழைய எல்.பி. உறை என்னிடம் இருக்கிறது. அதைப் படமெடுத்து, வாசித்தவர்களின் பெயர்களைச் சேர்க்கும்படி செயலியை நடத்தும் நிறுவனத்துக்கு எழுதினேன். இசைத்தட்டு நிறுவனம் தரும் விவரத்தையே தாங்கள் காட்டுவதாகவும், அதைத் திருத்தும் உரிமை தங்களுக்கு இல்லை என்றும் பதில் வந்தது. அந்தப் பதிலையும் இணைத்து உரிமை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு எழுதினேன். செயலியில் தெரிவதைப் பற்றிச் செயலிக்காரர்களிடம்தான் கேட்க வேண்டும் என்று அவர்கள் எழுதினார்கள். மீண்டும் செயலிக்கு எழுதினேன். முதலில் வந்த அதே பதில், ஒரு சொல்லும் மாறாமல் வந்தது. மூன்று கடிதங்கள், ஏழு வாரங்கள். இடையில் நான் இரண்டு வாசல்களுக்கும் நடந்துகொண்டிருக்க, வாசித்த மனிதர்களின் பெயர்கள் திரைக்கு வந்தபாடில்லை. இருவருக்கும் பொதுவாக இந்த மடல் எழுந்தது இப்படித்தான்.

நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு பாடலுக்கும் அது பதிவான நாள், இடம், வாசித்தவர்கள், முதலில் வெளியான நாள் ஆகியவற்றைத் தெரிவியுங்கள். மறுவெளியீட்டின் ஆண்டைத் தனியாகக் குறிப்பிடுங்கள்.

இது ஏன் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' ஆல்பம் 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டு நாட்களில், முன்பு தேவாலயமாக இருந்த நியூயார்க் முப்பதாம் தெரு ஸ்டூடியோவில் பதிவாகி, அதே ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று வெளிவந்தது. பியானோ பில் எவன்ஸ். ஆனால் 'ஃபிரெடி ஃபிரீலோடர்' என்ற ஒரு பாடலுக்கு மட்டும் வின்டன் கெல்லி. ஆல்பத்தின் பெயருக்குக் கீழே பொதுவாக ஒரு பெயர்ப் பட்டியலைப் போட்டுவிட்டால் இந்த வேறுபாடு தெரியாது. பியானோ கற்கும் ஒரு மாணவர் கெல்லியின் விரல்களை எவன்ஸின் விரல்கள் என்று நினைத்துக்கொண்டே ஆண்டுக்கணக்கில் பயிற்சி செய்யக்கூடும். மேலும், மார்ச் மாத அமர்வில் பதிவுசெய்த ஒலிநாடாக் கருவி சற்று மெதுவாக ஓடியதால், சரியான வேகத்தில் ஓட்டியபோது, அன்று பதிவான முதல் பக்கத்தின் மூன்று பாடல்களும் தட்டில் சற்றுக் கூடிய சுருதியிலேயே ஒலித்துவந்தன. 1992இல்தான், துணைக்கருவியில் பதிவாகியிருந்த மற்றொரு நாடாவைக் கொண்டு அது சரிசெய்யப்பட்டது. கையில் கருவியோடு கூடவே வாசித்துப் பழகுகிறவருக்கு, கேட்பது பழைய சுருதியா திருத்திய சுருதியா என்று தெரிந்தாக வேண்டும்.

பீட்டில்ஸ் ராக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களின் 'லெட் இட் பி' ஆல்பம் 1970 மே மாதம் வெளிவந்தது. அதன் பெரும்பகுதி பதிவானதோ 1969 ஜனவரியில். 1969 செப்டம்பர் 26 அன்றே வெளிவந்துவிட்ட 'ஆபி ரோடு' ஆல்பம் பெரும்பாலும் அந்த ஜனவரிக்குப் பிறகு பதிவானது. வெளியீட்டு ஆண்டை மட்டும் பார்த்துக் கேட்பவர், அந்த நால்வரும் கடைசியாகக் கூடி உழைத்த ஆல்பம் எது என்பதையே மாற்றிப் புரிந்துகொள்வார். ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1963 மார்ச் 6 அன்று பதிவுசெய்த ஒரு தொகுப்பு 2018இல்தான் வெளிவந்தது. அவர் மறைந்தது 1967இல். திரையில் 2018 என்ற எண் மட்டும் தெரிந்தால், புதிதாகக் கேட்க வரும் இளைஞர் என்னவென்று எண்ணுவார்? 1969 ஆகஸ்டில் மூன்று நாட்களில் பதிவான மைல்ஸ் டேவிஸின் 'பிட்சஸ் புரூ' ஆல்பத்தின் 1999 மறுவெளியீட்டில், 1970 ஜனவரியில் பதிவான 'ஃபெயோ' என்ற பாடல் கடைசியில் சேர்க்கப்பட்டது. பாடலின் பக்கத்தில் தேதி இல்லாவிட்டால் மூல ஆல்பம் எங்கே முடிந்தது என்று எப்படி அறிவது?

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்களானால், பாடகி கிளேர் டோரியை நினைவூட்டுகிறேன். 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவுக்கு வந்து, பிங்க் ஃபிளாய்டு ராக் குழுவின் 'டார்க் சைடு ஆஃப் த மூன்' ஆல்பத்தில் சொற்களே இல்லாத அந்தக் குரலைக் கொடுத்துவிட்டு, 30 பவுண்டு பெற்றுக்கொண்டு போனவர் அவர். அந்த இசையை உருவாக்கியதில் தனக்கும் பங்குண்டு என்று 2004இல் வழக்குத் தொடுத்து, 2005இல் சமரசம் ஏற்பட்ட பிறகே அந்த இசையின் இணைப் படைப்பாளியாக அவர் பெயர் சேர்ந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள்! யார் என்ன செய்தார் என்ற ஒரு வரி ஒரு கலைஞரின் வாழ்நாள் உரிமை.

விவரம் கிடைக்கவில்லை என்ற பதிலை ஏற்க இயலவில்லை. பெரிய அமெரிக்க நிறுவனங்களின் அமர்வுகளில் வாசித்தவர்களுக்கு இசைக்கலைஞர் சங்கத்தின் விதிப்படி, அமர்வுக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கப்பட்டது. அதற்கான தாள்கள் எழுதப்பட்டன. திரையில் இடமில்லை என்பதையும் ஏற்க இயலாது. பன்னிரண்டு அங்குல அட்டையின் பின்புறத்தில் இடம் இருந்தது. அசையும் படங்களுக்கும், 'மழை மாலைக்கு', 'படிக்கும் நேரத்துக்கு' என்ற பட்டியல்களுக்கும் இன்று இடம் இருக்கிறது. கோல்ட்ரேன் 1964 டிசம்பர் 9 அன்று பதிவுசெய்த 'எ லவ் சுப்ரீம்' அப்படியொரு பட்டியலில் துண்டாக நடுவில் வந்தபோது எனக்கு நெஞ்சு பதறியது. அதன் கடைசிப் பகுதியில் அவர் சாக்ஸபோனில் வாசிப்பது, உறையின் உள்ளே அச்சிட்டிருந்த அவரது பிரார்த்தனைக் கவிதையை, சொல் சொல்லாக. உறையை எடுத்துவிட்டால் அந்தப் பிரார்த்தனை வெறும் மெதுவான இசையாகிவிடுகிறது. கேட்பவரைப் படிக்கத் தெரியாதவராக எண்ணி நடத்துவது அவமதிப்பு. வாசித்தவருக்கு அது அதைவிடப் பெரிய அவமதிப்பு.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். உங்கள் செயலிகள் இல்லாவிட்டால் எங்கள் ஊருக்கு இந்த இசையில் பாதிகூட வந்திருக்காது. அந்த நன்றி எனக்கு உண்டு. அதனாலேயே மீண்டும் பணிவுடன் கேட்கிறேன்: பதிவான நாள், இடம், வாசித்தவர்கள், முதல் வெளியீடு ஆகிய நான்கையும் பாடலுக்குப் பாடல் காட்டுங்கள். இசைத்தட்டு நிறுவனங்கள் விவரத்தைக் கொடுக்கட்டும். ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் அதைக் கேட்டு வாங்கட்டும். இரு தரப்பிலும் இதற்கென்று ஒருவரைப் பொறுப்பாக அமர்த்தி, திருத்தம் அனுப்புகிறவர்களுக்கு ஒரே முகவரியைத் தாருங்கள்.

சக்தி ஆல்பத்திலிருந்து தொடங்க முடிந்தால் மகிழ்வேன். அந்தப் பெண் இப்போதும் ஞாயிறுதோறும் வருகிறாள். பின்னட்டையின் படம் என்னிடம் இருக்கிறது. எந்த முகவரிக்கு என்று சொல்லுங்கள், நான்காவது முறையாகவும் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் நேயர் ஒருவர்