ஆளுக்கு எழுதிய ஸ்வரம்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதமும் ஒலிப்பதிவும் வந்து சேர்ந்தன. அமெரிக்க ஜாஸ் மேதை, குழுத் தலைவர் டியூக் எலிங்டனின் ‘மூட் இண்டிகோ’ பாட்டை உன் குழு வாசித்ததில் ஒரு ஸ்வரம்கூடத் தப்பவில்லை, ஆனாலும் எலிங்டன் வாசனையே இல்லை என்று அலுத்துக்கொண்டிருக்கிறாய். கோளாறு நீ வாத்தியங்களை அடுக்கிய வரிசையில் இருக்கிறது. மேலே கிளாரினெட், நடுவில் ட்ரம்பெட், அடியில் ட்ராம்போன். நியூ ஆர்லியன்ஸ் காலத்திலிருந்து எல்லோருக்கும் கைப்பழக்கமான வரிசை அது. 1930இல் எலிங்டன் அதைக் கவிழ்த்தார். ஆர்தர் வெட்சலின் ட்ரம்பெட் மியூட்டோடு (ஒலியை அடக்க வாத்தியத்தின் வாயில் செருகும் அடைப்பான்) மேலே மெட்டைப் பிடிக்கிறது. அதை ஒட்டினாற்போல் ஜோ நான்டனின் ட்ராம்போன், அதுவும் மியூட்டோடு, தன் எல்லையின் உச்சியில். பார்னி பிகார்டின் கிளாரினெட் அந்த இரண்டுக்கும் வெகு கீழே, மந்தர ஸ்தாயியில்.

இதில் கெடக்கூடிய இடம் ட்ராம்போன். அவ்வளவு உயரத்தில் மெல்ல ஊதினால் ஸ்வரம் உடைந்துவிடுமோ என்ற பயத்தில் வாசிப்பவர் மூச்சை அழுத்துவார். அழுத்தியதும் கிளாரினெட் காணாமல் போகும். மூன்றும் கலந்து நான்காவதாக ஒரு குரல் கேட்பதுபோன்ற அந்த மயக்கமும் போய்விடும். கிளாரினெட்டை மைக்குக்குக் கிட்டத்திலும் ட்ரம்பெட், ட்ராம்போன் இரண்டையும் சற்றுத் தள்ளியும் நிறுத்திப் பார். மைக்கை மனதில் வைத்தே செய்த பாட்டு அது. 1927 டிசம்பர் 4 அன்று நியூயார்க்கில் ஹார்லெமின் காட்டன் கிளப் என்ற இரவு விடுதியில் எலிங்டன் குழு மேடையேறியது. அங்கிருந்து போன வானொலி ஒலிபரப்புதான் நாடு முழுக்க அவர் பெயரைக் கொண்டுபோனது. ஆடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் கறுப்பர்கள், பார்க்க வருகிறவர்கள் வெள்ளையர்கள் என்றிருந்த இடம் அது, மறந்துவிடாதே.

நீ வாங்கிய அச்சுத் தாளில் ‘2ஆம் ட்ரம்பெட்’, ‘1ஆம் ட்ராம்போன்’ என்றுதானே இருக்கிறது? எலிங்டனின் கைப்பிரதிகள் இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் பல தாள்களின் தலையில் வாத்தியத்தின் பெயருக்குப் பதில் ஆளின் பெயர்தான் இருக்கும். ஒரு கார்டில் (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கொத்தில்) ஆறாவது ஸ்வரத்தை யாருக்குக் கொடுப்பது என்பதை வாத்தியத்தின் எல்லையை வைத்து அவர் முடிவு செய்யவில்லை. அந்த ஆளின் தொனியை வைத்து முடிவு செய்தார். வழக்கமாக அடியில் கிடக்கும் ஹாரி கார்னியின் பாரிடோன் சாக்ஸை மேலே தூக்கிவிட்டு, வேறொருவரைக் கீழே இறக்குவார். கார்னி 1927இல் சேர்ந்தவர், 1974இல் எலிங்டன் இறக்கும்வரை கூடவே இருந்தார். வேறு பாரிடோன்காரர் அதே ஸ்வரத்தை வாசித்தால் கார்டின் நிறமே மாறிவிடும்.

நான்டனின் உறுமல் பற்றிக் கேட்டிருந்தாயே, அதில் மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. வாத்தியத்தின் வாய்க்குள் ஒரு சிறிய ஸ்ட்ரெய்ட் மியூட்; அதன் முன்னால் இடது கையில் ரப்பர் கிண்ணம்; தொண்டையில் கரகரப்பு. கிண்ணம் வேறொன்றுமில்லை, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் அடைப்பு எடுக்கிற பிளஞ்சர்தான். கைப்பிடியைக் கழற்றிவிட வேண்டும். கிண்ணம் மூடித் திறக்கும்போது ‘யா… யா…’ என்று மனுஷக் குரல் வரும். உன் ட்ராம்போன்காரர் செய்யும் தப்பு, உறுமுவதற்காகக் கிண்ணத்தை இறுக்கி மூடிவிடுகிறார். மியூட் போட்டாலே சுருதி ஏறும்; இறுக்கி மூடினால் இன்னும் ஏறும். ட்யூனிங் ஸ்லைடை (சுருதி சேர்க்கும் குழாயை) முதலிலேயே கொஞ்சம் வெளியே இழுத்து வைத்துக்கொள்ளச் சொல். கிண்ணத்தின் ஓரத்தில் ஒரு விரல் இடைவெளியும் விடட்டும்.

இந்த வித்தையைக் குழுவுக்குள் கொண்டுவந்தவர் ட்ரம்பெட்காரர் பபர் மைலி. அவர் 1929இல் குழுவை விட்டுப் போனதும் அந்த நாற்காலிக்கு வந்தவர் பெயர் கூட்டி (Cootie) வில்லியம்ஸ். 1940 மார்ச்சில் அவருக்காகவே ‘கன்செர்ட்டோ ஃபார் கூட்டி’ பதிவானது. முதல் பகுதியை விரல்விட்டு எண்ணிக்கொண்டே கேள்: வழக்கமான 8 பார் (ஒரு பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று) இல்லை, 10. மூடிய ஒலியில் தொடங்கி உறுமலுக்குப் போய், நடுவில் மியூட்டை எடுத்துவிட்டுத் திறந்த ஒலியில் ஊதுவார். பின்னால் வரி சேர்த்துப் பாடலாக்கியபோது அந்த 10ஐ 8ஆக வெட்டிவிட்டார்கள். எனக்கு அந்த வெட்டு பிடிக்கவே பிடிக்காது. அதே வருடக் கடைசியில் கூட்டி, பென்னி குட்மன் குழுவுக்குப் போய்விட்டார். 1962இல்தான் திரும்பி வந்தார்.

இப்படிப்பட்ட ஆட்களைக் கட்டிக்காக்கப் பணம் வேண்டும். மேலாளர் இர்விங் மில்ஸ் வேலையைப் பிடித்துக் கொடுத்தார். பதிலுக்குப் பாட்டுகளில் தன் பெயரையும் ஏற்றிக்கொண்டார், ‘மூட் இண்டிகோ’ உட்பட. பெரிய குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்த 1940களின் பிற்பகுதியிலும் எலிங்டன் கலைக்கவில்லை. பாட்டுகளின் ராயல்டியைக் கொண்டுவந்து குழுவின் சம்பளத்தில் கொட்டினார். எழுதியதை உடனே அதே ஆட்கள் வாசித்துக் கேட்க வேண்டும் அவருக்கு. 1951இல் சாக்ஸ்காரர் ஜானி ஹாட்ஜஸ், ட்ராம்போன்காரர் லாரன்ஸ் பிரவுன், ட்ரம்ஸ்காரர் சன்னி க்ரீர் மூவரும் ஒரே சமயத்தில் விலகியது அதனால்தான் பெரிய அடி. ஹாட்ஜஸ் 1955இல் திரும்பினார். அடுத்த ஜூலையில் நியூபோர்ட் ஜாஸ் விழாக் கச்சேரி.

நியூபோர்ட் இசைத்தட்டை வாங்குவதாக இருந்தால் 1999 பதிப்பைத் தேடி வாங்கு. 1956 ஜூலை 7 இரவு பால் கான்சால்வஸ் தன் டெனர் சாக்ஸில் 27 ஆவர்த்தம் ப்ளூஸ் வாசித்தார், ஆனால் நின்றது வானொலிக்காரர்களின் மைக் முன்னால். இசைத்தட்டுக்கான மைக்கில் அவர் தூரத்தில்தான் கேட்டார். பழைய தட்டில் ஸ்டுடியோவில் மறுபடி வாசித்ததைப் பல இடங்களில் கலந்துவிட்டார்கள். வானொலி நாடா பிறகு கிடைத்ததால், 1999இல் இரண்டையும் சேர்த்து அந்த இரவை முழுசாகக் கொடுத்தார்கள்.

எலிங்டனோடு சேர்ந்து பாட்டு எழுதிய பில்லி ஸ்ட்ரேஹார்ன் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். இப்போதைக்கு ஒன்று: 1963 பயணத்தில் டில்லியில் கேட்ட மைனாவின் கூவலை அவர் மெட்டாக்கினார், ஜிம்மி ஹாமில்டன் கிளாரினெட்டில் வாசிப்பார். உன் கிளாரினெட்காரருக்கு மந்தரம் கைவந்த பிறகு இதைக் கொடு. முதலில் வரிசையைக் கவிழ்த்து ‘மூட் இண்டிகோ’வின் முதல் எட்டு பாரை மட்டும் பதிவு செய்து அனுப்பு.

அன்புடன்,
ரகு