அந்தாலியாவுக்குப் போகிறவர்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மடல்

ஐக்கிய நாடுகள் காலநிலை மாநாட்டில் இலங்கையின் சார்பில் பேசப்போகும் குழுவினருக்கும் சுற்றாடல் அமைச்சின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

வலிகாமத்தில் செம்மண் தோட்டக்காணி உள்ள ஒரு குடும்பத்தில் பிறந்து, இப்போது பாடசாலையில் புவியியல் படிப்பிக்கும் ஒருத்தி எழுதுகிறேன். வருகிற நவம்பரில் துருக்கியின் அந்தாலியா நகரில் 31ஆவது காலநிலை மாநாடு. நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன், எண்ணெய், எரிவாயு, நிலக்கரிக் கம்பனிகளின் ஆட்களை நம் குழுவில் சேர்ப்பது பற்றி உங்களிடம் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும் என்று போன கார்த்திகையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன கார்த்திகை யாருக்கும் மறக்காது. பிரேசிலின் பெலெம் நகரில் 30ஆவது மாநாடு 2025 நவம்பர் 22ஆம் திகதி முடிந்தது. 28ஆம் திகதி டித்வா புயல் எங்கள் கிழக்குக் கரையில் ஏறியது. இடையில் ஆறே நாட்கள். மலையகத்தில் மண் சரிந்தது. ஆறுகள் ஊர்களை மூடின. 600 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். மலையகத்தோடு ஒப்பிட்டால் யாழ்ப்பாணம் தப்பியது என்றுதான் சொல்ல வேண்டும். எங்களுக்குப் போனது வெங்காயம். முன்கூட்டியே நட்ட பாத்திகளில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு அண்ணா குனிந்து ஒரு பிடியைப் பிடுங்கிக் காட்டினார். மேலே தாள் பச்சையாகவே இருந்தது. கீழே வெங்காயம் விரலுக்குள் கூழாக வழிந்தது. அதைக் கழுவாமல் அப்படியே வரம்பில் இருந்துவிட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.

அன்று இரவுதான் பெலெம் தீர்மானத்தை எடுத்து வாசித்தேன். அதன் முதன்மைத் தீர்மானத்தில் ‘சுவட்டு எரிபொருள்’ என்ற சொல் இல்லை. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு என்ற இந்தச் சுவட்டு எரிபொருள்களை எரிப்பதால்தான் முக்கியமாகப் பூமி சூடாகிறது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு நான் படிப்பிக்கிறேன். சூடான கடலிலிருந்து அதிக நீராவி எழும், சூடான காற்று அதைக் கூடுதலாகத் தாங்கும், கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும். பரீட்சையில் பிள்ளை இந்தக் காரணத்தை எழுதாவிட்டால் நான் புள்ளி கொடுக்க மாட்டேன். 80க்கும் மேற்பட்ட நாடுகள் இந்த எரிபொருள்களிலிருந்து விலகுவதற்கு ஒரு வழிவரைபடம் வேண்டும் என்று கேட்டும், இறுதித் தாளில் அது ஏறவில்லை.

ஏன் ஏறவில்லை என்பதற்கு இரண்டு காரணங்களைச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் எங்கள் ஊர்ச் சனத்துக்கு யாரும் சொன்னதில்லை, அதனால் இந்த மடலை வாசிக்கும் மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

முதலாவது, வாக்கெடுப்பே இல்லாத சபை அது. 1995இல் பேர்லினில் முதலாவது மாநாடு கூடியபோது நடைமுறை விதிகளை ஏற்க வேண்டியிருந்தது. அவற்றில் 42ஆவது விதி வாக்கெடுப்புப் பற்றியது. எண்ணெய் ஏற்றுமதி செய்யும் நாடுகள் அதற்கு இணங்கவில்லை. இன்றுவரை அந்த விதி ஏற்கப்படவில்லை. ஆகவே எல்லாம் ஒருமித்த இணக்கத்தில்தான் போகிறது. அதாவது நூற்றுத் தொண்ணூறுக்கும் அதிகமான நாடுகள் சரி என்றாலும், ஒரு சில நாடுகள் விடாப்பிடியாக நின்றால் ஒரு சொல் வெட்டுப்படும். 2018இல் கத்தோவிச நகரில் பூமி 1.5 பாகை சூடானால் என்ன ஆகும் என்பது பற்றிய விஞ்ஞான அறிக்கையை ‘வரவேற்கிறோம்’ என்று எழுதுவதற்குக்கூட அமெரிக்கா, சவூதி அரேபியா, ரஷ்யா, குவைத் ஆகிய நான்கும் ஒத்துக்கொள்ளவில்லை. 2015 பாரிஸ் உடன்படிக்கையை முழுதாக வாசித்தாலும் ‘சுவட்டு எரிபொருள்’ என்ற சொல் எங்கும் வராது. எல்லாச் சுவட்டு எரிபொருள்களிலிருந்தும் ‘விலகிச் செல்லுதல்’ என்று ஒரு மாநாட்டுத் தீர்மானம் சொல்வதற்கு 2023 டுபாய் மாநாடு வரை, 28 மாநாடுகள், காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது காரணம் அந்த மண்டபத்துக்குள் யார் நடமாடுகிறார்கள் என்பது. இணக்கம் வேண்டிய சபையில் ஒரு கம்பனி உலகம் முழுவதையும் தன் பக்கம் திருப்பத் தேவையில்லை. ஒன்றிரண்டு தூதுக்குழுக்களின் காதில் பேசினால் போதும். இதை அவர்கள் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். 1989இல் எண்ணெய், நிலக்கரி, மோட்டார் வாகனக் கம்பனிகள் சேர்ந்து உலகளாவிய காலநிலைக் கூட்டணி என்ற பெயரில் ஒரு அமைப்பை உருவாக்கின. விஞ்ஞானம் இன்னும் உறுதியாகவில்லை என்ற சந்தேகத்தைப் பரப்புவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. 2000களின் தொடக்கம் வரை அது இயங்கியது. எக்ஸன் கம்பனியின் சொந்த விஞ்ஞானி ஒருவர் 1977இலேயே கரியமில வாயு பற்றித் தன் மேலிடத்துக்கு எடுத்துச் சொல்லியிருந்தார். தெரியாமல் செய்ததல்ல.

இப்போதைய கணக்கைப் பாருங்கள். மாநாடுகளில் பதிவுசெய்தவர்களின் பட்டியலைக் குடிமக்கள் அமைப்புகளின் கூட்டணி ஒன்று ஆண்டுதோறும் எடுத்து, அதில் எண்ணெய், எரிவாயு, நிலக்கரித் துறையின் நலனுக்காக வந்தவர்களை எண்ணுகிறது. 2021 கிளாஸ்கோவில் 503 பேர். 2022 ஷார்ம் எல் ஷேக்கில் 636. டுபாயில் 2,456. 2024 பாக்குவில் 1,773. பெலெமில் 1,600க்கு மேல். டுபாயில் திடீரென ஏறியதற்கு ஒரு காரணம், தான் யாரைச் சார்ந்தவர் என்பதைப் பதிவின்போது சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு அந்த ஆண்டு வந்ததுதான். அதற்கு முன் எத்தனை பேர் பெயர் தெரியாமல் வந்துபோனார்களோ. பாக்குவில் அந்த 1,773 பேரின் தொகை, காலநிலையால் மிகவும் பாதிக்கப்படக்கூடிய பத்து நாடுகளின் குழுக்களை எல்லாம் கூட்டினாலும் வரும் தொகையைவிடப் பெரியது. பெலெமில், விருந்தோம்பிய பிரேசிலைத் தவிர வேறெந்த நாட்டின் குழுவையும்விட அவர்கள் பெரிய கூட்டம்.

இவர்கள் எல்லோரும் வெளியே காட்சிக்கூடத்தில் நிற்பவர்கள் அல்ல. பலர் ஏதோ ஒரு நாட்டின் தூதுக்குழு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். டுபாய் மாநாட்டின் தலைவரே அபுதாபி தேசிய எண்ணெய்க் கம்பனியின் தலைமை அதிகாரிதான். அந்த மாநாடு நடந்துகொண்டிருக்கும்போதே எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக்கின் செயலாளர் நாயகம் உறுப்பு நாடுகளுக்குக் கடிதம் எழுதினார். சுவட்டு எரிபொருளைக் குறிவைக்கும் எந்த வாசகத்தையும் நிராகரியுங்கள் என்பது அதன் சாரம். வரப்போகும் அந்தாலியா மாநாட்டில் பேச்சுவார்த்தையை வழிநடத்தப்போவது அவுஸ்திரேலியா. நிலக்கரியையும் எரிவாயுவையும் பெருந்தொகையாக ஏற்றுமதி செய்யும் நாடு அது.

எண்ணெய்க்காரரும் வரட்டும், அவர்களிடம்தானே பணமும் தொழில்நுட்பமும் இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அதற்கு நான் எங்கள் வீட்டுக் கதையால்தான் பதில் சொல்ல முடியும்.

என் அப்பப்பா புகையிலை செய்தவர். யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூர் வரை கப்பலில் போன காலத்தின் மிச்சம் அவர். மார்கழியில் கன்று நடுவார். துலாவில் தண்ணீர் இறைத்த கதையைச் சொல்வார். நான் பார்த்தது மண்ணெண்ணெய் மிசினை. இலை முற்றியதும் வெட்டி, வாடவிட்டு, குடிலுக்குள் கட்டித் தொங்கவிட்டு, பொச்சுமட்டை போட்டுப் புகையூட்டுவார். அந்த நாட்களில் வீடு, பாய், தலையணை எல்லாம் ஒரே மணம். அவருடைய விரல் நுனிகளில் கறுப்பாக ஒரு கயர் ஒட்டியிருக்கும். தேசிக்காய் போட்டுத் தேய்த்தாலும் முழுதாகப் போகாது. அந்தக் கையால்தான் எனக்குச் சோறு குழைத்துத் தந்தார். அந்தக் காசில்தான் என் அப்பா படித்தார், நான் படித்தேன்.

அப்பம்மா எங்கள் தோட்டத்துப் புகையிலையை வெற்றிலையோடு போட்டுவந்தவர். வாய்ப்புற்றுநோயில் போனார். கடைசி மாதங்களில் கஞ்சியைக்கூட விழுங்க முடியவில்லை. அதற்குப் பிறகு ஒரு போகம்தான் அப்பப்பா புகையிலை நட்டார்.

2003இல் உலக சுகாதார அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயம் நிறைவேறியது. அதே ஆண்டு நவம்பரில், தென்னாசியாவில் முதல் நாடாக, இலங்கை அதை ஏற்று உறுதிப்படுத்தியது. உங்கள் அரசு, எங்கள் அரசு. அதில் 5.3 என்று ஓர் உறுப்புரை இருக்கிறது. பொதுச் சுகாதாரக் கொள்கைகளை வகுக்கும்போதும் நடைமுறைப்படுத்தும்போதும் புகையிலைத் தொழிற்றுறையின் வணிக நலன்களிலிருந்து அவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. 2008இல் அதற்கு வழிகாட்டல்களும் வந்தன. விற்பவரின் நலனும் மக்களின் சுகநலனும் ஒருபோதும் ஒத்துப்போகாது என்ற புரிதலில் எழுதப்பட்டவை அவை. இன்று அந்தச் சமவாயத்தின் மாநாட்டுக்கு எந்த நாடாவது சிகரெட் கம்பனிக்காரரைத் தன் குழுவில் கூட்டிப்போனால் அது வெட்கக்கேடு.

அதே சமவாயத்தின் 17ஆவது உறுப்புரை புகையிலை செய்பவருக்கும் தொழிலாளிக்கும் மாற்று வாழ்வாதாரம் பற்றிப் பேசுகிறது. இதை நான் முக்கியமாகச் சொல்கிறேன். அப்பப்பாவைப் போன்றவர்களை அது மறக்கவில்லை. கம்பனியை மேசையிலிருந்து எழுப்பிவிட்டது, தோட்டக்காரரை எண்ணிப்பார்த்தது. சுரங்கத் தொழிலாளியும் எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்பவரும் மாநாட்டில் பேசத்தான் வேண்டும். இலாபத்தில் பங்கு வாங்குகிறவரின் ஆள் எதற்கு?

காலநிலைச் சமவாயத்தில் இப்படி ஓர் உறுப்புரை இல்லை. 2016 மே மாதம் ஜெர்மனியின் பொன் நகரில் நடந்த இடைக்காலக் கூட்டத்தில் வளர்ந்துவரும் நாடுகள் பல சேர்ந்து இந்த நலன்முரண்பாட்டுப் பிரச்சினையைக் கிளப்பின. அமெரிக்கா, அவுஸ்திரேலியா, ஐரோப்பிய ஒன்றியம் போன்றவை எதிர்த்தன. அந்தக் கோரிக்கை முதலில் ஏழை நாடுகளின் வாயிலிருந்து வந்தது என்பதை நினைவில் வைத்திருங்கள். வளர்ந்துவரும் நாடுகள் சேர்ந்து பேசும் ‘77 நாடுகள் குழு’வில் சவூதியும் குவைத்தும் நம்மோடு இருக்கின்றன என்பதும், வளைகுடாவில் நம் பிள்ளைகள் இலட்சக்கணக்கில் உழைக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். என் மைத்துனரும் கத்தாரில்தான் இருக்கிறார். உங்களுக்குப் பேச்சு எழாமல் போவதற்கு அது ஒரு காரணமாக இருந்தால் விளங்கிக்கொள்கிறேன். ஆனாலும் கேட்கிறேன்.

எரிபொருளை நம்பியிருப்பது என்றால் என்ன என்று யாழ்ப்பாணத்துக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1990களின் பொருளாதாரத் தடையில் மோட்டார் சைக்கிளுக்குச் சில துளி பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாயானபோது, பெற்றோல் செட்டில் வெறும் கானோடு நின்ற கடற்றொழிலாளர் ஒருவர் விலையை இரண்டு தடவை கேட்டார். பிறகு கானைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார். இந்த எரிபொருளிலிருந்து வெளியே வருவது எங்களுக்குக் கொள்கை விளக்கம் இல்லை, வயிற்றுப்பாடு.

2021இல், புதிதாக நிலக்கரி மின் நிலையம் கட்டமாட்டோம் என்று இலங்கை ஐ.நா.வில் வாக்குறுதி கொடுத்தது. அது நல்ல காரியம், அதற்காக உங்களைப் பாராட்டுகிறேன். ஆனால் 2011இல் மன்னார்ப் படுகையில் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து அதை எடுக்கும் ஆசையும் கொழும்பில் இருக்கிறது. நாளை ஏதாவது ஒரு கம்பனி அந்த வாயுவுக்காக வரும். அதே கம்பனியின் ஆள் நம் குழுவில் ஓர் அட்டை கேட்டால் என்ன சொல்வீர்கள் என்பதை இப்போதே தீர்மானித்துவிட வேண்டும்.

ஆகவே என் கோரிக்கை இது. அந்தாலியாவுக்குப் போகும் இலங்கைக் குழுவின் முழுப் பட்டியலையும் புறப்படும் முன் மூன்று மொழியிலும் வெளியிடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் யாரிடம் சம்பளம் வாங்குகிறார், பயணச் செலவை யார் கொடுக்கிறார்கள் என்று இருக்கட்டும். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு விற்கும் எவருக்கும் நம் நாட்டின் அட்டை இல்லை என்று எழுத்தில் சொல்லுங்கள். இதற்கு எந்த நாட்டின் இணக்கமும் தேவையில்லை, அமைச்சின் ஒரு சுற்றறிக்கை போதும். பிறகு மாநாட்டில் எழுந்து, புகையிலைக்கு நாங்கள் ஏற்றுக்கொண்ட 5.3 போன்ற ஒரு விதி இங்கேயும் வேண்டும் என்று இலங்கையின் பெயரால் பதிவுசெய்யுங்கள். ஓரிரு நிமிடப் பேச்சு. இணக்கம் கிடைக்காமல் போகலாம். டித்வா வந்த நாட்டிலிருந்து அந்தச் சொல் வந்தது என்று அறிக்கையில் இருக்கும்.

திரும்பி வந்ததும் ஒருநாள் யாழ்ப்பாணத்துக்கு வாருங்கள். எங்கள் பாடசாலை மண்டபத்தைக் கேட்டு வாங்குவது என் பொறுப்பு. தோட்டக்காரரும் கடற்றொழிலாளரும் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வரக்கூடியவர்கள், அந்த நேரத்தில் வைத்துக்கொள்வோம். அங்கே யார் என்ன சொன்னார்கள், எந்தச் சொல்லை யார் வெட்டச் சொன்னார்கள் என்று தமிழில் சொல்லுங்கள். அண்ணாவையும் முன்வரிசையில் இருத்துகிறேன். இந்த முறை வெங்காயத்தை மாரி முடியத்தான் நடுவதாக இருக்கிறார், அதனால் நவம்பர் கடைசியில் அவருக்கு நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
வலிகாமத்திலிருந்து ஒரு புவியியல் ஆசிரியை
யாழ்ப்பாணம்